குதிரைக்குப் பேசியவர்

கார்ட்டூன் படத்துக்குப் பேச வருகிறவர்கள் முதலில் செய்வது குரலை மாற்றிக்கொள்வது. முயல் என்றால் மூக்கால் பேசுவார்கள். யானை என்றால் அடிவயிற்றிலிருந்து பேசுவார்கள். போன வாரம் உங்கள் ஒத்திகைக்கு வந்திருந்தபோது நீங்களும் அதையே செய்ததைப் பார்த்தேன். தவறு என்று சொல்ல மாட்டேன். நானும் பல வருடங்கள் அப்படித்தான் பேசினேன். ஆனால் ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர், வரைந்து வைத்த ஒரு உருவத்துக்குள் உயிர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பதில் காசிம் ராவுத்தர் என்ற ஒரு மனிதருக்கு நடந்தது மட்டும்தான். அதைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் இருந்தேன். பகலில் பாலர் வகுப்பு ஆசிரியை. பள்ளி விட்டதும் ஒரு மிஷனுக்குச் சொந்தமான சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவேன். வெளிநாடுகளில் வரைந்து எடுத்த குழந்தைகள் படங்கள் அங்கே வரும். அவற்றுக்குத் தமிழில் பேசிப் பதிந்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மலைக் கிராமங்களில் திரையிடுவோம். அணில், ஆட்டுக்குட்டி, தொலைந்துபோன பிள்ளை என்று சின்ன உருவங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் குரல். ஒலிப்பதிவு செய்தவர் அருளப்பன். எங்கள் இயக்குநரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். எந்தப் படத்திலும் தன் பெயரைப் போடச் சம்மதிக்காதவர் அவர். இப்போது நான் போடுவது முறையாகாது.

கூடம் என்று சொன்னாலும் அது பழைய பண்டகசாலைதான். தகரக் கூரை. தூறல் விழுந்தால் வேலை நின்றுவிடும். சுவர்களில் பேச்சு மோதித் திரும்பியதால், சுற்றிலும் கம்பளி தொங்கவிட முடிவு செய்தார்கள். பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றுக்கொண்டிருந்த காசிம் ராவுத்தர் அவற்றைத் தாமே கொண்டுவந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். கம்பளிகளை மாட்டி முடித்ததும் எதிரொலி போய்விட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"ராவுத்தரே, அங்கனயே நின்னு என்னத்தையாச்சும் பேசுங்க," என்றார் அருளப்பன்.

"என்னத்தப் பேச?"

"கடையில பேசுறதப் பேசுங்க."

ராவுத்தர் எதிரே கம்பளி வாங்க ஆள் நிற்பதுபோல ஒரு கணம் பார்த்தார். "இது நல்ல கம்பளிங்க. குளிரே தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். குளிரும். ஆனா பொழுது விடியிற வரைக்கும் தாங்கிக்கிரலாம்," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர் எழுந்து வெளியே வந்தார். எந்த முன்னுரையும் இல்லாமல், "உங்களுக்குக் குதிரை பிடிக்குமா?" என்று கேட்டார்.

"ஏரிக்கரையில நிக்கிற குதிரைங்களா? பாவங்க அதுக."

மறுநாளே அவரைப் பேச அழைத்தார்கள். வண்டி இழுத்துத் தேய்ந்துபோய், இனி உதவாது என்று மலையில் விரட்டிவிடப்பட்ட ஒரு கிழக் குதிரையின் கதை அது. கூடு கலைந்து காற்றில் அடித்துவரப்பட்ட ஒரு குருவிக்குஞ்சு அதன் பிடரி மயிரில் வந்து விழுகிறது. பனிக்காலம் முழுக்க அந்தக் குஞ்சைக் குதிரை தன் பிடரிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. பனி விலகியதும் குஞ்சு தன் கூட்டத்தோடு பறந்துபோகிறது. அவ்வளவுதான் படம். குதிரை அவர், குருவி நான்.

முதல் சில நாட்கள் மோசமாகப் போயின. கம்பளியைப் பற்றி அவ்வளவு இயல்பாகப் பேசியவர், வசனத்தைக் கையில் கொடுத்ததும் நாடக மேடை ராஜாவைப்போல முழங்கினார். இயக்குநர் அவரைத் திருத்தவில்லை. இப்படிப் பேசு, அப்படிப் பேசு என்று நடித்துக் காட்டவும் இல்லை. ஒரு நாள் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டார்.

"ராவுத்தர், இந்தக் குதிரைக்கு எங்க வலிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க," என்றார்.

அன்று பதிவே நடக்கவில்லை. ராவுத்தர் திரைக்கு மிக அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குதிரை நடக்கும்போது, நிற்கும்போது, தலையைக் குனிந்து குஞ்சைப் பார்க்கும்போது. கடைசியில் எழுந்து வந்தார்.

"வலது முன்னங்கால்ல சார். ஊன்றப்பெல்லாம் மூச்சப் புடிக்கிது. படம் வரஞ்சவன் நெஞ்சுக்கிட்ட லேசா ஒரு அசைவு வச்சிருக்கான். நான் இம்புட்டு நாளும் அந்த மூச்சு மேலயே ஏறிப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

"இப்போ?"

"கால ஊன்றப்போ பேசக்கூடாது. ஊன்றி முடிச்சு, மிச்சம் இருக்கிற மூச்சுல பேசணும்."

அப்படியே பேசினார். குரலைத் தடிமனாக்கவில்லை, நடுங்கவைக்கவில்லை. அவருடைய கடைக் குரல்தான். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னும் ஒரு சின்னப் பொறுத்தல் இருந்தது. எனக்கு எதிரில் ஒரு கிழக் குதிரை வந்து நின்றது. அன்றிலிருந்து என் குருவியும் மாறிவிட்டது. அதுவரை கீச்சுக் குரலில் கொஞ்சிக்கொண்டிருந்தவள், வலியை மறைத்துக்கொண்டு பேசும் ஒருவரிடம் பேசும் பிள்ளையானேன். உங்களுக்கு எதிரில் பேசுகிறவர் சரியாகப் பேசினால், உங்கள் வேலையில் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பனி ஏற ஏற, ராவுத்தரின் குரலும் கரகரக்கத் தொடங்கியது. பொருத்தமாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டி ஆமோதித்தார். அருளப்பன், "ராவுத்தரு கொரலு பட்டை தீட்டுன மாதிரி வந்திருச்சு," என்றார்.

ஒரு மாலை, அவருடைய மனைவி ஹமீதா தனியாகக் கூடத்துக்கு ஏறி வந்தார். வெளியே மேகம் இறங்கியிருந்ததால் முக்காட்டுத் துணி ஈரமாக இருந்தது. ராவுத்தர் இன்னும் கடையில்தான் இருந்தார். ஹமீதா உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், உங்ககிட்டதான் கேக்கணும்னு வந்தேன். வீட்டுக்கு வந்தாலும் அதே குதிரக் கொரல்லதான் பேசுறாரு. பிள்ளைங்க சிரிக்கிதுங்க. எனக்குச் சிரிப்பு வரல. சோலி முடிஞ்சதும் அதக் கழட்டி வச்சிட்டு வரச் சொல்லுங்களேன்."

நான் என் பின்னால் நின்ற இயக்குநரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது. "எவ்வளவு நாளாங்க?" என்று கேட்டார்.

"ரம்சானுக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு. இப்ப வெள்ளனே எந்திரிச்சதும் பேச்சே வர மாட்டேங்குது. வெந்நி குடிச்சாத்தான் வருது."

மறுநாள் காலையில் இயக்குநரே அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார். குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவர் சொன்னார். எடுத்த பிறகு கழுத்தில் வைக்கும் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு இராது. அதுவரை முடிந்த மட்டும் பேச வேண்டாம், வீக்கம் கூடினால் மூச்சு அடைக்கும், மூச்சு திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்று சொல்லி, அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லி அனுப்பினார்கள்.

படத்தில் கடைசிக் காட்சி மட்டும் மீதி இருந்தது. குருவி பறந்து போவதும், குதிரை அதற்கு விடை கொடுப்பதும். இயக்குநர் வந்ததும் எங்களிடம், "படம் இதோட நிக்குது. யாரும் அவரைப் போய்ப் பார்த்து வேலையைப் பத்திப் பேசக் கூடாது," என்றார். நாங்கள் பேசவில்லை. ஆனால் மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராவுத்தர் தாமே வந்தார். ஹமீதாவும் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் இருவரும் வாதாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"சார், மைக்கப் போடுங்க," என்றார் ராவுத்தர். உடைந்த குரல். "எப்படியும் போகப்போற கொரலுதானே. போறதுக்கு முன்னால குதிரைய முடிச்சிட்டுப் போகட்டும். பாதியில விட்டுட்டுப் போனா எனக்கு அங்க போய்ப் படுக்க மனசு வராது."

இயக்குநரின் நிலையை நினைத்துப் பாருங்கள். படச்சுருள் இரவல் வாங்கியது. அடுத்து மலையாளத்தில் பேசிப் பதிய வேண்டியவர்கள் கேரளத்தில் காத்திருந்தார்கள். எதிரில் நிற்பவர் தன் விருப்பத்தோடு, தெளிவான மனதோடு, கேட்கிறார். அந்தக் காட்சியை அந்தக் குரலில் பதிந்தால் பார்க்கிறவர்கள் நெஞ்சு உருகிப்போகும் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல மருத்துவர் பேச்சு ஒன்றுதான் இருந்தது. அதையும் ராவுத்தர் பொருட்படுத்தத் தயாரில்லை.

அப்போது ஹமீதா பேசினார். சத்தம் போடவில்லை.

"மிச்சம் இருக்கது கொஞ்சம் பேச்சு. அதையும் குதிரைக்குக் குடுத்துட்டா, எம் பிள்ளைங்களுக்கு என்ன இருக்கும்? சின்னவனுக்கு இப்பத்தான் நாலு வயசாகுது. நாளைக்கு அவனுக்கு அத்தா கொரல் எப்படி இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் எழுந்து வந்து, மைக்குக்கு எதிரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"உட்காருங்கம்மா. குதிரைக்கு இன்னைக்கு லீவு. இன்னைக்கு டேப் உங்க வீட்டுக்கு. அவரு என்ன பேசணும்னு நீங்க சொல்லுங்க."

திரையை அணைத்துவிட்டோம். புத்திமதி ஏதாவது சொல்லலாம் என்று ராவுத்தர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஹமீதா கையமர்த்தினார். "அதெல்லாம் வேணாம். காலையில பிள்ளைங்கள எழுப்புவீங்கள்ல, அதச் சொல்லுங்க."

ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏலே ஷாவுலு. எந்திரி. விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. நூரு, நீயும் எந்திரித்தா. அந்தக் கதவச் சாத்து, பனி உள்ள வருது."

"சாப்பிடக் கூப்பிடுங்க," என்றார் ஹமீதா. கூப்பிட்டார். "என்னயக் கூப்பிடுங்க," என்றார் பிறகு. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அது எங்கள் காதுக்கானது அல்ல.

திரும்பி வந்தபோது ராவுத்தர் திரையைக் காட்டி, இப்போது குதிரையையும் பேசிவிடலாம் என்று சைகை செய்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மைக்கின் விசையை அணைத்தார். "போதும் ராவுத்தர். நல்லாப் பேசிட்டீங்க," என்றார். பிற்பாடு எத்தனையோ இயக்குநர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு பதிவை எடுக்காமல் விடுவதற்கு அவ்வளவு திடம் வேண்டியிருந்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இதற்குள் கேரளத்திலிருந்து படச்சுருளை அனுப்பச் சொல்லி நெருக்கினார்கள். திண்டுக்கல்லில் யார் குரலையும் அப்படியே பேசும் ஒருவர் இருந்தார். அவரை வைத்துக் கடைசிக் காட்சியை முடிக்கலாமா என்று இயக்குநர் மதுரை மருத்துவமனைக்குப் போய் ராவுத்தரிடமே கேட்டார். ராவுத்தர் சரி என்று தலையசைத்தார்.

வந்தவர் நல்ல கலைஞர். ராவுத்தரின் பழைய பதிவுகளைக் காலையில் கேட்டார், மதியம் பேசினார். அருளப்பனாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சின்னப் பொறுத்தல்கூட அப்படியே இருந்தது. ஆனால் என் குருவியால் அவரிடம் பேச முடியவில்லை. வசனத்தைச் சொல்கிறேன், வார்த்தைகள் கீழே விழுகின்றன. மறுபடி மறுபடி செய்தோம். என்ன குறை என்று எனக்கே புரிய நேரமாயிற்று. அவர் முழுக் கவனத்தையும் ராவுத்தரின் குரலின் மேல் வைத்திருந்தார். அது அவர் கற்ற கலை. அதனால் குதிரை ராவுத்தரைப் பார்த்துப் பேசியது. குருவியைப் பார்த்துப் பேசவில்லை.

இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் அந்தக் கலைஞருக்கு நன்றி சொல்லி, அவர் மனம் கோணாமல் அனுப்பிவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாயங்காலம் சுருளை அனுப்பணும். திரையில குதிரை வாயைத் திறக்குது. அதை மறைக்க முடியாது. என்ன செய்யலாம் சொல்லுங்க டீச்சர்."

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். வீட்டுக்கு அழைத்துப் போக வரும் அவளுடைய பாட்டனார் காதோடு ஏதாவது சொல்வார். அவள் அதைத் திரும்பச் சொல்லித்தான் பதில் சொல்வாள். "பசிக்குதாவா? பசிக்கல," என்பாள். பாட்டனார் பேசியது நமக்குக் கேட்காது, ஆனால் எல்லாம் தெரிந்துவிடும். அதை இயக்குநரிடம் சொன்னேன். குதிரை ரகசியம்போலச் சொல்லட்டும், மலைக்காற்று அதை அடித்துக்கொண்டு போகட்டும், குருவி திரும்பச் சொல்லட்டும்.

"அப்படின்னாலும் மூச்சாவது வேணுமே," என்றார் இயக்குநர். "வெறும் காத்தை வச்சா அந்த எடத்துல குதிரை செத்துரும்."

அருளப்பன் எழுந்து உள்ளே போனார். வசனங்களைச் சீர்படுத்தும்போது, முன்னால் வரும் மூச்சு நீளமாக இருந்தால் அதை நறுக்கி எடுத்துவிடுவது அவர் வழக்கம். ராவுத்தருடைய மூச்சுகளை நறுக்கினாரே தவிர வீசவில்லை, உள்ளே ஒரு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "தூக்கிப் போட மனசு வரல," என்று மட்டும் சொன்னார். ஆணியில் தொங்கிய அந்த நாடாத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் குதிரையின் வாயசைவுக்குப் பொருத்தினோம். மூச்சு வந்ததும் என் காதருகில் அந்த மனிதர் நிற்பது தெரிந்தது. நான் பேசினேன். "குளிருமாவா? குளிராது. பயமாவா? இல்ல. உனக்குக் கால் வலிக்குமே, யாருகிட்டச் சொல்லுவ?" ஒரே தடவையில் முடிந்தது. மழை பிடிப்பதற்குள் சுருளை அனுப்பிவிட்டோம்.

தமிழ்ப் பிரதி கைக்கு வந்து, அதை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பியபோது மாதங்கள் ஓடியிருந்தன. முதல் திரையிடல் கிளாவரையில். கழுத்தைச் சுற்றி மஃப்ளரோடு ராவுத்தர் ஜீப்பின் அருகில் வந்து நின்றார். வருகிறேன் என்று சைகை காட்டினார். ஹமீதாவும் ஏறிக்கொண்டார். அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வந்தாரே தவிர, படத்தைப் பார்க்க வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் பள்ளிச் சுவரில் திரையாக வேட்டியைக் கட்டினோம். பூண்டு வயல்களிலிருந்து கை காலைக் கழுவிக்கொண்டு வந்தவர்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். ராவுத்தரும் ஹமீதாவும் நானும் கடைசி வரிசையில். ராவுத்தரின் குரல் சுவரிலிருந்து எழுந்தபோது ஹமீதா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதன்பின் அசையவில்லை. முன்னால் பிள்ளைகள் குதிரையோடு சிரித்தார்கள், அது அதட்டினால் அடங்கினார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. குதிரை வாயைத் திறந்தது. மூச்சு மட்டும். குருவி கேட்டது, பதில் சொன்னது. எங்களுக்கு முன்னால் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"குதிரைக்குத் தொண்ட அடச்சிருச்சுப்பா. வளத்த பிள்ள போகுதுல்ல. எங்கிட்டுப் பேச்சு வரும்?"

நான் பயந்துபோய் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஹமீதா அவர் கையைப் பற்றினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், மஃப்ளரின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த விவசாயியை எங்களுக்குச் சுட்டிக்காட்டி, அவன் சொன்னதுதான் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

படம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அருளப்பன் சுருளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது ஹமீதா வந்து மறு முனையைப் பிடித்தார். இருவருமாக மடித்தோம்.

"நாளைக்கு இத எந்த ஊர்ல போடுறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"வடகவுஞ்சியில."

துணியின் முனைகளை ஒன்றாகச் சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"எங்களுக்கும் ஜீப்புல எடம் வைங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றேன்."